காக்கி உடுத்திய கணித ஆசிரியர்

பேரன் தரம் ஒன்பதில் படிக்கிறான். கல்லூரியின் கடேற் அணியில், அதாவது மாணவர்களுக்குச் சீருடையும் அணிநடையும் படைத்துறைப் பாணியில் பழக்கும் அணியில், சேர விரும்புவதாகச் சொல்லி, பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கும் கடிதமொன்றை அவன் கொண்டுவந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை. மகள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சுவாமித்தட்டில் வைத்தாள். மருமகன் அதைக் கையில் எடுக்கவேயில்லை. "அம்மப்பாவும் கடேற்தானே, அவரைக் கேளுங்கோ" என்று பேரன் என்னைச் சாட்சிக்கு இழுத்தான். நான் கடேற்றாக இருந்தது உண்மை. ஆனால் அது 1970களின் நடுப்பகுதியில், காக்கி உடுத்த பதினாறு வயதுப் பையனைக் கண்டு யாழ்ப்பாணத்தில் எவரும் படலையைச் சாத்தாத காலத்தில். அந்தக் காலத்துச் சாட்சியம் இன்றைக்குச் செல்லுமா என்பதுதான் கேள்வி. வீட்டில் பேசினால் உணர்ச்சி முந்திக்கொள்கிறது. ஆகவே நான் நினைப்பதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

இலங்கையில் கடேற் பயிற்சி 1881 ஆம் ஆண்டில் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. அப்போது அதிபராக இருந்த ஜோன் பி. கல், அதே ஆண்டில் உருவான இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர் அணியுடன் இணைந்ததாகத் தமது மாணவர்களின் அணியை அமைத்தார். ஏனைய பெரிய கல்லூரிகள் பின்தொடர, 1902 இல் கடேற்றுகளுக்கெனத் தனியான பட்டாளமே உருவாகிவிட்டது. பிரித்தானியப் பள்ளிக்கூட வழக்கத்தை வேரோடு பெயர்த்து இங்கே நட்ட ஏற்பாடு அது. துடுப்பாட்டம், மாணவத் தலைவர்கள், இல்லங்கள், பரிசளிப்பு விழா எல்லாம் எந்தக் கப்பலில் வந்து இறங்கினவோ, அதே கப்பலில்தான் கடேற்றும் வந்தது. வடக்கின் போர் என்று நாங்கள் இன்றும் கொண்டாடுகிற மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904 இல் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் காலத்தின் காற்று எந்தப் பக்கமாக வீசியது என்பது விளங்கும். மிசன் கல்லூரிகள் மட்டுமல்ல, அவற்றுக்கு எதிர்வினையாக எழுந்த சைவக் கல்லூரிகளும் பாடத்திட்டத்தில் எதை மறுத்தாலும் விளையாட்டு மைதானத்தில் எதையும் மறுக்கவில்லை.

கப்பலில் வந்த மற்றவற்றில் இல்லாத ஒரு விசேடம் கடேற்றில் இருந்தது. அதன் அதிகாரிகள் படையினர் அல்லர், பாடசாலை ஆசிரியர்கள். முறையான பயிற்சி பெற்று, அதிகாரவாணை பெற்று, தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டாலும், திங்கட்கிழமை காலையில் அவர்கள் கரும்பலகைக்கு முன்னால்தான் நிற்பார்கள். கடேற்றைப் பற்றிப் புகழ்ந்தோ இகழ்ந்தோ பேசுகிறவர்களுள் பெரும்பாலானோர் இந்த ஒரு விடயத்தைக் கவனிப்பதில்லை. துப்பாக்கியையும் சீருடையையும் பற்றி வாதாடுகிறார்கள். என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது, கட்டளை யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதே.

எங்கள் கடேற் மாஸ்ரர் கணிதம் படிப்பித்தவர். காலையில் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகச் சைக்கிளில் வருவார். பின்னேரம் மூன்று மணிக்கு ஆய்வுகூடத்துக்குப் பின்னாலுள்ள சிறிய அறையிலிருந்து காக்கியோடு வெளியே வருவார். உடுப்பு மாறினாலும் ஆள் மாறமாட்டார். கேத்திரகணிதத்தில் தேற்றத்தின் படி ஒன்றைத் தவறவிட்டவனிடம் எப்படிப் பொறுமையாக மீண்டும் கேட்பாரோ, இடம் வலம் தெரியாமல் திரும்பியவனிடமும் அப்படியே கேட்பார். அதைவிட முக்கியமானது, எங்கள் ஒவ்வொருவரின் வீடும் அவருக்குத் தெரிந்திருந்தது. உரும்பிராய்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் பயிற்சிக்கு அடிக்கடி பிந்துவான். இராணுவ முகாமில் என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பார்கள். எங்கள் மாஸ்ரர் அவனைப் பார்த்து "இறைப்போ?" என்று மட்டும் கேட்பார், அவன் "ஓம் சேர்" என்பான், "போய் நில்" என்பார். வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டு வருகிற பிள்ளையைத் தண்டிக்கக்கூடாது என்பது எந்தப் படைத்துறைக் கையேட்டிலும் எழுதியிருக்காது.

பயிற்சியின் பெரும்பகுதியை அவர் கொடுத்ததுமில்லை. மூத்த மாணவன் இளையவனுக்குப் பழக்குவதுதான் கடேற்றின் உயிர். லான்ஸ் கோப்ரல், கோப்ரல், சார்ஜன்ட் என்று படிப்படியாக ஏறுகிறவன் தனக்கு இரண்டு மூன்று வயது இளையவர்களுக்குப் பொறுப்பாகிறான். ஓர் அடி 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 அடி என்று அளவு இருந்தது. எங்கள் சார்ஜன்ட் மைதானத்தின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடுகளைப் போட்டு, கால் அந்தக் கோட்டில் தானாக விழும்வரை நடக்கவிடுவார். வரிசையைச் சரிசெய்வதற்கு வலது கையை முஷ்டி மடக்கி நீட்டி, பக்கத்தில் நிற்பவனின் தோளைத் தொட்டு இடைவெளியை அளந்து, தலையை வலப்பக்கம் திருப்ப வேண்டும். வரிசை நேராக இருந்தால் முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துவிடும். யாராவது ஒருவனின் மூக்கு மட்டும் துருத்தித் தெரிந்தால் அவன் அரை அங்குலம் பின்னுக்குப் போக வேண்டும். அந்த அரை அங்குலத்துக்காக வெயிலில் பத்து நிமிடம் நிற்பது அப்போது எங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

அணிநடையில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. மேடையில் நிற்கும் பிரதம விருந்தினரைக் கடக்கும்போது கட்டளை கிடைத்ததும் எல்லோரும் தலையை வலப்பக்கம் திருப்புவார்கள். வலக்கோடி வரிசையில் நடக்கிறவர்கள் மட்டும் திருப்பக்கூடாது. அவர்கள் நேரே பார்த்து நடந்தால்தான் அணி கோணாமல் போகும். ஓர் ஆண்டு இல்ல மெய்வல்லுநர் போட்டியில் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. பெருமையோடு வீட்டுக்குப் போனால், பார்வையாளர்களோடு இருந்து பார்த்த என் தாயார், "எல்லாப் பிள்ளையளும் அந்தப் பெரியவரைப் பாக்க, நீ மட்டும் ஏனடா மூஞ்சையைத் திருப்பாமல் போனாய்?" என்று கோபித்தார். விளக்கம் சொன்ன பிறகும் அவருக்கு முழுத் திருப்தி ஏற்படவில்லை.

சீருடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். கொழும்பில் பாணுக்கு வரிசை நின்றபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர்கள் கையில் நாலு காசு பார்த்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் பித்தளை துலக்கும் பிராசோவும் சப்பாத்துக்குப் பூசும் கிவி பொலிஷும் கடைகளில் இலகுவில் கிடைக்கவில்லை. இடுப்புப்பட்டியின் பித்தளைக் கொளுக்கியையும் தொப்பிச் சின்னத்தையும் நாங்கள் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். புளியை வடிவாகக் கழுவாவிட்டால் மறுநாள் பச்சை பூத்துவிடும். காக்கிக் காற்சட்டையைச் சோறு வடித்த கஞ்சியில் தோய்த்து, முழுதாகக் காயவிடாமல் ஈரப்பதத்தோடு எடுத்து, சிரட்டைக்கரி போட்ட அயன்பெட்டியால் மினுக்க வேண்டும். மடிப்பு கத்திபோல நிற்கும். இருந்தால் முறிந்துவிடும் என்ற பயத்தில் பேருந்தில் இருக்கை கிடைத்தாலும் நின்றபடியே போன பையன்களை எனக்குத் தெரியும். பொலிஷ் கிடைத்தபோது சிறிதளவு எடுத்து, ஈரப் பஞ்சால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துத் தேய்த்துச் சப்பாத்தின் மூக்கில் முகம் பார்க்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவருவோம். இந்த வேலைகளை வீட்டில் தாயோ சகோதரிகளோ செய்து கொடுத்தால் அணியில் பெரும் அவமானம். சமையலறைப் பக்கம் எட்டியும் பாராத யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளைகள் தங்கள் உடுப்பைத் தாங்களே தோய்த்து மினுக்கக் கற்றுக்கொண்ட ஒரே இடம் அதுவாக இருந்திருக்கலாம்.

பரிசளிப்பு விழாவன்று பிரதம விருந்தினருக்கு மரியாதை அணிவகுப்புக் கொடுப்பதுதான் ஆண்டின் பெரிய நிகழ்வு. விருந்தினர் எப்போதும் பிந்தித்தான் வருவார். அசையாமல் நிற்கிறவன் மயங்கி விழுவது சாதாரணமாக நடக்கும். முழங்காலைப் பூட்டி விறைப்பாக நின்றால் காலில் இரத்தம் தேங்கித் தலைக்குப் போவது குறைந்துவிடும். எனவே வெளியே தெரியாமல் சப்பாத்துக்குள் கால்விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்லித் தந்தார்கள். காலையில் சாப்பிடாமல் வருகிறவனை மாஸ்ரர் வரிசையில் நிற்கவே விடமாட்டார். இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. திருநீறு பூசிக்கொண்டு வரலாமா என்று ஒரு முறை கேள்வி எழுந்தது. தொப்பிக்குக் கீழே நெற்றியில் என்ன இருக்கிறது என்பது தன்னுடைய அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று கணித ஆசிரியர் தீர்ப்புச் சொன்னார். சிலுவைச் சங்கிலி அணிந்த மாணவர்களுக்கும் சட்டையின் மேற்பொத்தானைப் பூட்டினால் போதும் என்ற அதே தீர்ப்புத்தான்.

ஆண்டு முகாம் தியத்தலாவையில். இரவுத் தபால் வண்டியில் ஏறி, பொல்காவலையில் இறங்கி, பதுளை வண்டிக்கு மாற வேண்டும். நானு ஓயாவைத் தாண்டும்போதே பற்கள் கிட்டித்துவிடும். யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனியைப் பெரிய குளிர் என்று நினைத்திருந்த எங்களுக்கு அந்த மலைக் காற்று ஒரு பாடம். 1900 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த போவர் போர்க் கைதிகளை அடைத்து வைப்பதற்காக அங்கே முகாம் எழுந்தது. பின்னர் அது படையினரின் பயிற்சித் தளமாகி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாசலைத் திறந்தது. எதிரே மலைச்சரிவில் கற்களால் வரைந்த நரி உருவம் ஒன்று தெரியும். வீட்டிலிருந்து கொண்டுபோன பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் இரண்டாம் நாளே முடிந்துவிட, அதன் பிறகு பாணும் பருப்பும்தான். சைவச் சாப்பாட்டுக்காரருக்கு மாஸ்ரர் தாமே சமையற்கூடத்துக்குப் போய்ப் பேசிச் சொதி வைப்பித்தார்.

முகாமில் நாட்டின் எல்லாப் பக்கத்துப் பாடசாலைகளும் போட்டியிடும். மூத்தோர் அணிகளுக்குரிய ஹேர்மன் லூஸ் கிண்ணம்தான் கடேற் உலகின் உச்சப் பரிசு. அணிநடை, உடற்பயிற்சி, தங்குமிடத் துப்புரவு எனப் பலவற்றுக்கும் புள்ளி உண்டு. எங்கள் அணி அந்தக் கிண்ணத்தை எட்டிப்பார்த்த தூரத்துக்குக்கூடப் போகவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அடுத்த கொட்டகையில் இருந்த காலிப் பக்கத்துப் பையன்களுடன் உடைந்த ஆங்கிலத்தில் பேசி, சப்பாத்துப் பொலிஷுக்குப் பதிலாக வடையை மாற்றி, கடைசி இரவுப் பாசறைத் தீயில் அவர்கள் பைலா பாட நாங்கள் கரகத்துக்குத் தாளம் போட்ட நாட்கள் என்னுடைய வாழ்க்கையில் திரும்ப வரவில்லை. தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாசலில் தமிழ் மாணவர்கள் தடுத்து நிறுத்தப்பட்ட அதே ஆண்டுகளில்தான் இதுவும் நடந்தது. இரண்டும் உண்மை. பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் சிலர் முதலாவதை மறந்துவிட்டு இரண்டாவதைப் பாடுவது எனக்கு ஒவ்வாது.

பிறகு நடந்தவற்றை விரித்து எழுத வேண்டியதில்லை. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எரித்தவர்களுள் சீருடைக்காரரும் இருந்தார்கள். 1983 யூலைக்குப் பிறகு காக்கிக்கும் பச்சைக்கும் இருந்த அர்த்தமே மாறியது. எங்கள் கல்லூரியில் கடேற் அணி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. தெற்கில் அது தொடர்ந்தது. 1985 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணிதிரட்டல் மற்றும் துணைப்படைகள் சட்டம், பாடசாலைக் கடேற் அணிகள் எல்லாம் அடங்கும் தேசிய மாணவர் படையணிக்குப் புதிய சட்ட அடித்தளத்தைக் கொடுத்தது. நாடு போரில் இருந்த ஆண்டு அது என்பதையும், படையணி கல்வி அமைச்சின் கீழன்றிப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது என்பதையும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

என் மகள் 1987 இல் பிறந்தவள். 1995 இடப்பெயர்வில் என் தோளில் பாதித் தூரமும் தன் காலில் பாதித் தூரமுமாகச் சாவகச்சேரிக்கு வந்தவள். அவளுக்குச் சீருடை என்றால் சோதனைச் சாவடி. பாடசாலைப் பையைத் திறந்து காட்டுவது. மருமகன் கிளிநொச்சியில் படித்தவர். 2006 ஓகஸ்ட் 14 ஆம் திகதி வள்ளிபுனத்தில் செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகத்தின் மீது விமானப்படை குண்டு வீசியபோது இறந்தவர்கள் உயர்தர வகுப்பு மாணவிகள்; தலைமைத்துவத்துக்கும் முதலுதவிக்குமான வதிவிடப் பயிற்சி என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள். அரசாங்கம் அவர்களைப் போராளிகள் என்றது. விடுதலைப் புலிகள் பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் மறைக்கக்கூடிய விடயமன்று. ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து பயிற்சிக்கு அனுப்பினால் எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று அந்தக் காலத்துப் பெற்றோருக்குத் தெரியாது. "வதிவிடப் பயிற்சி எண்ட சொல்லே எனக்கு ஒத்துவராது மாமா" என்று மருமகன் சொன்னபோது, தியத்தலாவைக் குளிரைப் பற்றிய என் கதைகளை நான் அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

போர் முடிந்த பிறகு நடந்தவையும் சந்தேகத்தைத் தணிக்கும் வகையில் இருக்கவில்லை. 2011 மே மாதத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்பி மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். அதைத் தொடர்ந்து பாடசாலை அதிபர்களை ரந்தெம்பேயிலுள்ள மாணவர் படையணிப் பயிற்சி நிலையத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்து, அவர்களுக்குக் கௌரவக் கேணல் தரத்துச் சின்னங்களையும் வழங்கினார்கள். ஆசிரியர் சங்கங்கள் இதை எதிர்த்தன. எதிர்த்தது சரியென்றே நினைக்கிறேன். என் காலத்தில் ஆசிரியர் ஒருவர் தாமாக விரும்பிப் படைத்துறையிலிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்ததைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். இங்கே படைத்துறை பள்ளிக்கூடத்தைத் தன்னுள்ளே இழுத்தது. வெளித்தோற்றத்துக்கு இரண்டும் ஒரே காக்கிதான். 2000 ஆம் ஆண்டிலேயே, ஆயுத மோதல்களில் சிறுவரை ஈடுபடுத்துவதற்கு எதிரான ஐக்கிய நாடுகளின் நெறிமுறையை ஏற்றுக்கொண்ட நாடு இது. பள்ளிக்கூடத்துக்கும் பாசறைக்கும் இடையிலுள்ள எல்லையைப் பற்றி அதற்குத் தெரியாமல் இல்லை.

மற்ற நாடுகளிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளில் 1916 ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தோடு தொடங்கிய இளையோர் கடேற் திட்டத்தில் பயிற்றுநர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற படையினர். அங்கே அது பாடவேளைகளுள் ஒன்றாகவே நடக்கிறது. இந்தியாவில் 1948 இல் சட்டம் இயற்றி உருவாக்கிய தேசிய மாணவர் படையில், எங்களைப் போலவே ஆசிரியர்கள் துணை அதிகாரிகளாகப் பணிபுரிகிறார்கள். கனடாவில் பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரையான பிள்ளைகளுக்குக் கடேற் அணிகள் உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர், பேரன் கடேற்றில் சேரக்கூடாது என்று தொலைபேசியில் நீண்ட நேரம் புத்தி சொன்னார். அவருடைய மகளின் கடேற் சீருடைப் படத்துக்கு நான் சென்ற ஆண்டுதான் முகநூலில் விருப்பக்குறி இட்டிருந்தேன். அதை அவருக்கு நினைவூட்டவில்லை. அவர் சொன்னதில் நியாயமில்லை என்றும் நான் நினைக்கவில்லை. அங்கே அந்தச் சீருடைக்கு வேறு வரலாறு.

ஆகவே நான் மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: கடேற் நல்லதா கெட்டதா என்று பொதுவில் கேட்காதே, இந்தக் கல்லூரியில் இதற்கு யார் பொறுப்பு என்று போய்ப் பார். மருமகனும் கூடப் போனார். பொறுப்பாசிரியர் முப்பது வயதைத் தாண்டாத விஞ்ஞான ஆசிரியர். தாமும் சிறுவயதில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தது. துப்பாக்கிப் பயிற்சி பற்றி, வருகை தரும் படைப் பயிற்றுநர்கள் பற்றி, இடையில் விலக விரும்பினால் விலகலாமா என்பது பற்றியெல்லாம் மகள் கேட்டாள். மருமகன் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "முகாமுக்கு நீங்களும் போவீங்களோ?" அதற்கு அந்த இளைஞர், "நான் போகாத இடத்துக்கு என்ர பிள்ளையள் போகமாட்டினம்" என்று சொன்னாராம். கடிதம் அன்று மாலையே கையொப்பத்தோடு சுவாமித்தட்டிலிருந்து இறங்கியது. வதிவிட முகாமுக்குத் தனியாகக் கேட்க வேண்டும் என்ற குறிப்பை மகள் கீழே எழுதியிருக்கிறாள். அது சரியான குறிப்பு.

போன வாரம் பயிற்சியைப் பார்க்கப் போனேன். பெண்பிள்ளைகளுக்கும் இப்போது கடேற் அணிகள் இருக்கின்றன என்பது எங்கள் காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம். பழப்புளியின் தேவை ஒழிந்தது. கஞ்சிக்குப் பதிலாகத் தெளிப்பான் வந்துவிட்டது. மூத்த மாணவன் ஒருவன் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பதிலாகக் கைப்பேசியில் தாளத்தை ஒலிக்கவிட்டு அடியை அளந்துகொண்டிருந்தான். பேரனின் தோள் இன்னும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. அதைத் திருத்த ஆசிரியர் போகவில்லை. பக்கத்தில் நின்ற கோப்ரல், தரம் பன்னிரண்டு மாணவன் போலிருக்கிறது, மெல்லத் தட்டிச் சரியாக்கினான். எனக்குத் தெரிந்த கடேற் அதுதான்.

நடைமுறையில் இப்போது அதற்கு இருக்கும் ஆபத்து படைமுகாமிலிருந்து வருவதைவிட மூன்று மணிக்குத் தொடங்கும் தனியார் வகுப்புகளிலிருந்துதான் கூடுதலாக வருகிறது என்பது என் எண்ணம். மைதானத்தில் இருபது பேர் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். மிகுதிப் பேர் இரசாயனவியலுக்குப் போயிருந்தார்கள். பொறுப்பாசிரியருக்கும் இதே சிக்கல். ஆசிரியச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல் பின்னேரம் வகுப்பு எடுக்கிறவர்கள் நிறையப் பேர். இவர் வாரத்தில் இரண்டு பின்னேரங்களை ஊதியமில்லாமல் மைதானத்துக்குக் கொடுக்கிறார். அவர் களைத்துப்போய் விலகினால், வேறு ஆசிரியர் முன்வராதபோது, இடத்தை நிரப்ப வெளியிலிருந்து பயிற்றுநர் ஒருவரை அனுப்பிவிடுவார்கள். அப்போது மருமகனின் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஒருவரும் இருக்கமாட்டார். சென்ற பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் கடேற் அணிக்குப் புதிய பதாகையும் முரசும் வாங்கிக் கொடுப்பதற்கு உடனே பணம் சேர்ந்தது. பதாகையைப் பிறகு பார்க்கலாம், அந்த ஆசிரியருக்கு நேரசூசியில் வாரத்துக்கு நாலு பாடவேளைகளைக் குறைத்துக் கொடுக்கும்படி அதிபரிடம் கேட்போம் என்று நான் எழுந்து சொன்னேன். இருவர் ஆதரித்தார்கள். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.